கேஸ் 6318 ஸ்டாக்மேன், 1974ல செஞ்சது: பழைய அமெரிக்க மடக்குக் கத்தி சேர்க்க நினைக்கறவங்களுக்கு ஒரு ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், இது டப்பா பிரிச்சு எடுத்த புது கத்தியோட ரிவ்யூ இல்ல. 1974ல அமெரிக்காவுல செஞ்சு, யாரோ ஒருத்தர் பாக்கெட்ல வருஷக்கணக்கா கிடந்து, அப்புறம் ஒஹாயோ பக்கத்து ஃப்ளீ மார்க்கெட், அதாவது பழைய சாமான் சந்தை ஒண்ணுல ஒரு மேஜை மேல நாப்பது அம்பது கத்தியோட கலந்து கிடந்த ஒரு மூணு பிளேடு மடக்குக் கத்தி. கம்பெனி டபிள்யூ. ஆர். கேஸ் அண்ட் சன்ஸ், பென்சில்வேனியாவுல பிராட்ஃபோர்டுங்கற சின்ன ஊரு, ஜிப்போ லைட்டர் வர்ற அதே ஊரு, 1993ல ஜிப்போ கம்பெனியே கேஸை வாங்கிடுச்சு. நான் குடுத்த விலை இன்னிக்கு இதே அச்சுல புதுசா வர்ற மஞ்சப்பிடி கத்தியோட விலைக்கு ஒட்டியே இருந்துச்சு, அதனால "பழசுன்னாலே லட்சக்கணக்குல போகும்"னு பயப்பட வேண்டாம்.

என்னைக் கேட்டா சேர்க்க ஆரம்பிக்கறவங்க முதல்ல வாங்க வேண்டிய கத்தி இதுதான். இதை விட அழகான கத்தி நிறைய இருக்கு, ஆனா கேஸ் கத்தியில அது பொறந்த வருஷம், பிடி என்ன பொருள், எத்தனை பிளேடு, எந்த அச்சு எல்லாமே உடம்புலயே எழுதியிருக்கும், வாசிக்கத் தெரிஞ்சா போதும். ஆனா விக்கறவங்களும் வாங்கறவங்களும் அந்த எழுத்தை மட்டுமே வாசிச்சுட்டு பிளேடைப் பாக்காம விட்டுடறாங்க, காசு அங்கதான் போகுது. பிளேடு முதல்ல, எழுத்து அடுத்தது, பிடி கடைசி, என்னோட வரிசை இதுதான்.

கத்தியைப் பத்தி. மூடின நிலையில 9 சென்டிமீட்டர் சொச்சம், எடை 70 கிராம் பக்கம், ஜீன்ஸ் பாக்கெட்ல போட்டா இருக்கறதே தெரியாது. பிடி நேரா இல்லாம லேசா எஸ் மாதிரி வளைஞ்சிருக்கும், கையில அது பொருந்தற விதமே தனி. ரெண்டு முனையிலயும் நிக்கல் சில்வர் பட்டை, இதைத்தான் போல்ஸ்டர்னு சொல்றது, பேர்ல சில்வர் இருக்கே தவிர வெள்ளி ஒரு பொட்டு கிடையாது, செம்பு நிக்கல் துத்தநாகம் கலந்தது. உள்ள பித்தளைத் தகடு, அதுக்கு மேல பழுப்பு நிற எலும்புப் பிடி.

மூணு பிளேடு ஏன்னு கேட்டா, ஸ்டாக்மேன்ங்கற பேரே ஆடு மாடு வளக்கறவன்னுதான். ஒரு முனையில நீளமான கிளிப் பிளேடு, முதுகுப் பக்கம் முனைகிட்ட குழிவா வெட்டி கூரா போகும், எல்லா வேலைக்கும் அதுதான். இன்னொரு முனையில ரெண்டு. ஒண்ணு ஷீப்ஃபுட், வெட்டற பக்கம் ஸ்கேல் வெச்ச மாதிரி நேர்கோடு, முதுகு வளைஞ்சு வந்து முனையில சேரும், குளம்பு சீவறது, கயிறு அறுக்கறது எல்லாம் இதுல. மூணாவது ஸ்பே, முனை மழுங்கி இருக்கும், கன்னுக்குட்டிக்கும் பன்னிக்கும் காயடிக்கறதுக்குன்னே பண்ணினது, வெட்டும்போது மிருகம் துள்ளினாலும் முனை குத்திடக் கூடாதுன்னு அப்படி. இன்னிக்கு யாரும் அதை அந்த வேலைக்கு எடுக்கறதில்ல, நான் பார்சல் டேப் கிழிக்க வெச்சிருக்கேன், உள்ள இருக்கற சாமான்ல கீறல் விழாது.

இப்போ இந்த கத்தியில எனக்குப் பிடிச்ச ஒரு விஷயம். மூணு பிளேடு இருக்கு, ஆனா முதுகுல இருக்கற ஸ்பிரிங் ரெண்டுதான். கிளிப் பிளேடு ஒரு பக்கத்துலருந்து வந்து மத்த ரெண்டுக்கும் நடுவுல படுக்கணும், இடமோ கிடையாது. அதனால பிளேடை அதோட அடியில, ஸ்பிரிங்கை ஒட்டி, மயிரிழை அளவுக்கு ஒரு பக்கமா வளைச்சு விடுவாங்க, கிரிங்க்னு பேரு. கத்தியைத் திறந்து மேல இருந்து பிளேடோட முதுகை நேர்கோட்டுல பாத்தா அந்த வளைவு தெரியும், புதுசா பாக்கறவங்க "ஐயோ வளைஞ்ச கத்தி"ன்னு வெச்சுட்டுப் போயிடுவாங்க, உண்மையில வளையாம இருந்தாதான் சந்தேகப்படணும். அப்படி வளைச்சும் என்னோடதுல ஷீப்ஃபுட் போற வர்றப்ப கிளிப் மேல லேசா உரசுது, கோடு விழுந்திருக்கு. மூணு பிளேடு ஸ்டாக்மேன் எந்த கம்பெனியா இருந்தாலும் இது ஓரளவுக்கு இருக்கும், இதுக்காக நான் மார்க் குறைக்கல.

சரி, பிளேடை எப்படிப் பாக்கறது. பழைய கத்தியை ஆயிரம் தடவை சாணை பிடிச்சிருப்பாங்க, ஒவ்வொரு தடவையும் இரும்பு கொஞ்சம் போகும். அகலம் குறைஞ்ச கத்தியும் தனியா பாத்தா நல்லாத்தான் இருக்கும், அதுதான் ஏமாத்தற இடம். நகம் மாட்டி இழுக்கற அந்தப் பள்ளத்துக்கும் வெட்டற விளிம்புக்கும் எவ்வளவு இடம் இருக்குன்னு பாருங்க. ஷீப்ஃபுட் விளிம்பு நேர்கோடா இருக்கணும், நடுவுல குழி விழுந்திருந்தா அளவுக்கு மீறி தீட்டியிருக்காங்கன்னு அர்த்தம், மூணுலயும் பொய் சொல்லவே தெரியாத பிளேடு அதுதான். ஸ்பேயை யாரும் அதிகமா எடுத்திருக்க மாட்டாங்க, பெரும்பாலும் புதுசு மாதிரியே இருக்கும், அதை அளவுகோலா வெச்சு மத்த ரெண்டையும் ஒப்பிட்டா எவ்வளவு தேஞ்சிருக்குன்னு கண்ணுக்கே தெரிஞ்சுடும். அப்புறம் மூடிட்டு மேல இருந்து பாருங்க, கிளிப்போட முனை பித்தளைத் தகட்டுக்கு உள்ள அடங்கி இருக்கணும். வெளிய நீட்டிட்டு இருந்தா முனை உடைஞ்சு யாரோ புதுசா தீட்டியிருக்கலாம், இல்ல பிளேடையே மாத்தியிருக்கலாம். என்னோடதுல கிளிப் பத்துல ஒரு பங்கு போயிருக்கும், மத்த ரெண்டும் கிட்டத்தட்ட முழுசு.

ஆட்டம் பாக்கறது அடுத்தது. திறந்து வெச்சு பக்கவாட்டுல அசைச்சா ஆடக் கூடாது, என்னோடதுல ஷீப்ஃபுட் மட்டும் தம்மாத்தூண்டு ஆடும். திறக்கும்போதும் மூடும்போதும் ஸ்பிரிங் "டக்"னு சத்தம் போடணும், இங்க சேர்க்கறவங்க கத்தி நடக்குது பேசுதுன்னுதான் இதைச் சொல்லுவாங்க, அம்பது வருஷம் ஆகியும் இது நல்லாவே பேசுது. கிளிப்பைத் திறக்க மட்டும் நகத்துக்கு பலம் வேணும், நகம் வெட்டின அன்னிக்கு கஷ்டம்தான்.

இப்போ எழுத்துக்கு வரேன். பிளேடோட அடிப்பக்கம், போல்ஸ்டருக்கு வெளிய தெரியற தட்டையான பகுதி, அதுக்கு டாங்னு பேரு, லென்ஸ் வெச்சுதான் பாக்கணும், நகைக்கடையில வெச்சிருப்பாங்களே அந்த மாதிரி பத்து மடங்கு லென்ஸ் ஒண்ணு போதும். கேஸ் கம்பெனி 1940லருந்து 1964 வரைக்கும் வெறும் கேஸ் எக்ஸ் எக்ஸ்னு அடிச்சாங்க, அதுக்கு முன்னாடி 1920, 30கள்ல டெஸ்டட் எக்ஸ் எக்ஸ், 1965லருந்து 69 வரைக்கும் கீழ யு.எஸ்.ஏ சேத்தாங்க. 1970ல அதுக்கு அடியில பத்து புள்ளி வெச்சாங்க, அப்புறம் வருஷத்துக்கு ஒரு புள்ளி குறைச்சுட்டே வந்தாங்க, 71ல ஒன்பது, 72ல எட்டு, இப்படி 79ல ஒண்ணு. என்னோடதுல ஆறு புள்ளி, அப்போ 1974. அந்த ரெண்டு எக்ஸ் என்னன்னா பிளேடு ரெண்டு தடவை சூளைக்குப் போய் பதம் ஏத்தினதுக்கு அடையாளம்னு கம்பெனி சொல்ற கதை.

ஒரு இடத்துல கவனம் வேணும். 1980ல மறுபடியும் பத்து புள்ளியிலருந்து ஆரம்பிச்சுட்டாங்க, அதனால ஆறு புள்ளின்னா 74 ஆகவும் இருக்கலாம், 84 ஆகவும் இருக்கலாம். வித்தியாசம் கேஸ்ங்கற இங்கிலீஷ் வார்த்தையில இருக்கற எஸ் எழுத்துல. 80கள்ல அந்த எஸ் வளைவு இல்லாம மின்னல் கோடு மாதிரி ஒடிஞ்சு ஒடிஞ்சு இருக்கும், 70கள்ல சாதாரணமா வளைஞ்சிருக்கும். என் கத்தியை வித்தவர் சீட்டுல "1964க்கு முந்தினது"ன்னு எழுதி ஒட்டியிருந்தார், யு.எஸ்.ஏவும் புள்ளியும் கண்ணுக்கு நேரா இருக்கு. ஏமாத்தினார்னு சொல்ல மாட்டேன், அவரு பழைய சாமான் மொத்தமா எடுத்து விக்கறவரு, லென்ஸை அவர் கையிலயே குடுத்துக் காட்டினேன், சிரிச்சுட்டு விலையைக் குறைச்சுட்டாரு.

டாங்கோட பின்பக்கம் நம்பர். 6318ன்னா முதல் எண் பிடியோட பொருள், 6ன்னா எலும்பு, 5 மான்கொம்பு, 3 மஞ்சள் பிளாஸ்டிக். ரெண்டாவது எண் எத்தனை பிளேடு, இங்க 3. மிச்சம் இருக்கற 18 அச்சோட நம்பர். இதைப் புரிஞ்சுகிட்டா மேஜை மேல கிடக்கற வேற கேஸ் கத்தியும் வாசிக்க வந்துடும், 6254னா எலும்புப் பிடி, ரெண்டு பிளேடு, 54 அச்சு, அதாவது டிராப்பர். 5254னா அதே டிராப்பர் மான்கொம்புப் பிடியில. 6220 பீனட், உள்ளங்கைக்குள்ள மறைஞ்சுடும் அவ்வளவு சின்னது. 62131 கனூ, படகு மாதிரி ரெண்டு பக்கமும் ஏறியிருக்கும். முதல் எண் 6ன்னு இருந்து பிடி மஞ்சளா இருந்தாலோ, ரெண்டாவது எண் 3ன்னு இருந்து ரெண்டே பிளேடு இருந்தாலோ யாரோ ரெண்டு கத்தியை ஒண்ணாக்கியிருக்காங்க, அங்கயே கீழ வெச்சுடுங்க. விதிவிலக்கு இல்லாம இல்ல, மஸ்க்ரட்னு ஒண்ணு, ஒரே மாதிரி ரெண்டு மெல்லிய கிளிப் பிளேடு, அதுல நம்பருக்குப் பதிலா பேரையே அடிச்சிருப்பாங்க.

பிடி விஷயத்துலயும் அந்த 6ஐ அப்படியே நம்பிடாதீங்க. 60களோட கடைசியிலருந்து கேஸ் சில கத்திகளுக்கு 6ன்னு போட்டே டெல்ரின் பிடி வெச்சிருக்காங்க, அது பிளாஸ்டிக். ரெண்டும் ஒரே பழுப்பு, ரெண்டுலயும் அதே மாதிரி கொத்தின பள்ளம். வித்தியாசம் கண்டுபிடிக்க சூடு பண்ணின ஊசி குத்திப் பாருன்னு சில பேர் சொல்லுவாங்க, தயவு செஞ்சு அடுத்தவங்க கத்தியில அதைப் பண்ணாதீங்க. லென்ஸ்ல பிடியோட ஓரத்தைப் பாருங்க, எலும்புன்னா ரத்தக் குழாய் போன இடம் சின்ன சின்ன கரும்புள்ளியா, கோடா தெரியும், ஆணி இறக்கின இடத்துல மயிரிழை விரிசலும் இருக்கலாம். டெல்ரின் வழவழன்னு ஒரே சீரா இருக்கும். என்னோடது எலும்புதான், ஒரு ஆணிகிட்ட நகக்கண் அளவுக்கு விரிசல், நகத்தால வருடினா மட்டும் தெரியும். ஒரு உபரித் தகவல், இப்போ கேஸ் எடுக்கற எலும்பு பிரேசில்ல இருக்கற திமில் மாட்டோட கால் எலும்புன்னு கம்பெனியே சொல்லுது. பிரேசில் திமில் மாட்டுல பெரும்பகுதி நெலோர் ஜாதி, அது நம்ம நெல்லூர் ஓங்கோல் பக்கத்துலருந்து கப்பல் ஏறின வம்சம், ஆக சுத்தி வளைச்சுப் பாத்தா பென்சில்வேனியா கத்திக்கும் ஆந்திரா மாட்டுக்கும் சொந்தம் இருக்கு.

வெட்டறது எப்படி? என்னோடதுல துருப்பிடிக்காத இரும்புக்கான எழுத்து எதுவும் இல்ல, அதாவது துருப்பிடிக்கற குரோம் வனேடியம் இரும்பு, சி.வின்னு சொல்லுவாங்க. சாணைக்கல்லுல சுலபமா கூர் ஏறும், எண்ணெய்க் கல்லுல கொஞ்ச நேரம் தேச்சாலே முடி வழிக்கும், அதே வேகத்துல இறங்கவும் செய்யும். மாங்காயோ எலுமிச்சையோ வெட்டினா பிளேடு நீலம் கலந்த சாம்பலா மாறிடும், முதல் ஒண்ணு ரெண்டு தடவை பழத்துல லேசா இரும்பு வாடை வரும். அந்த சாம்பல் நிறம் போகணும்னு தேய்க்கக் கூடாது, அதுதான் செந்துரு வராம ஓரளவு காப்பாத்தறது. செந்துருவை மட்டும் எண்ணெய் போட்டு மெதுவா எடுத்துட்டு, பிளேடு படுக்கற பள்ளத்துல சேர்ற பஞ்சு குப்பையை பல்குத்தற குச்சியால நோண்டி எடுத்து, ஒவ்வொரு மூட்டுலயும் ஒரு சொட்டு எண்ணெய், அவ்வளவுதான் பராமரிப்பு.

விக்கறவங்க பண்ற பெரிய பாவம் பஃபிங் சக்கரம், அதாவது மெருகேத்தற மெஷின். கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கற பழைய கத்தியைப் பாத்தா உஷாராகுங்க, டாங் எழுத்து கரைஞ்சு போயிருக்கும், ஓரமெல்லாம் உருண்டு போயிருக்கும், போல்ஸ்டருக்கும் எலும்புக்கும் நடுவுல பள்ளம் விழுந்திருக்கும். ஒரு கத்தி கறுத்துக் கிடந்தாலும் சரி, இந்த மாதிரி குளிப்பாட்டினதை விட மேல்.

இதுக்குப் பதிலா வேற என்ன வாங்கலாம்னா, காசு குறைவா இருக்கறவங்களுக்கு ஷ்ரேட் ஓல்டு டைமர். 34 ஓ.டி, 8 ஓ.டி ரெண்டும் ஸ்டாக்மேன்தான், 1095 கார்பன் இரும்பு, ரம்பத்தால அறுத்த மாதிரி கோடு போட்ட பழுப்பு டெல்ரின் பிடி. நியூயார்க் மாநிலத்துல எல்லன்வில்ங்கற ஊர்ல இம்பீரியல் ஷ்ரேட் ஃபேக்டரி 2004ல இழுத்து மூடற வரைக்கும் மலை மலையா செஞ்சு தள்ளினாங்க, அதனால இன்னிக்கும் சுலபமா கிடைக்குது. மூடினப்புறம் பேரை வேற கம்பெனி வாங்கி சீனாவுல செய்ய ஆரம்பிச்சாங்க, டாங்ல யு.எஸ்.ஏ இருக்கான்னு பாத்து எடுங்க. வெட்டறதுல கேஸுக்கு எந்த விதத்துலயும் குறைச்சல் இல்ல, சொல்லப்போனா கூர் கொஞ்சம் கூடுதலா நிக்கும்னே எனக்குத் தோணுது, ஆனா வருஷம் கண்டுபிடிக்கற சுகம் அதுல கிடையாது.

கீன் கட்டர், டைமண்ட் எட்ஜ் இந்தப் பேரெல்லாம் மேஜையில நிறைய கண்ணுல படும். கீன் கட்டர் செயின்ட் லூயிஸ்ல இருந்த சிம்மன்ஸ் ஹார்டுவேர் கடையோட பிராண்டு, டைமண்ட் எட்ஜ் அதே ஊரு ஷாப்லீ கடையோடது, இவங்க தங்களோட பேரை அடிச்சு கத்தியை வேற வேற ஃபேக்டரியில செய்ய வெச்சு வாங்கினவங்க. அதனால பேரைப் பாத்து யார் செஞ்சதுன்னு சொல்லவே முடியாது, அச்சு, போல்ஸ்டர், நகப் பள்ளத்தோட வடிவம் பாத்துதான் ஊகிக்கணும். ரொம்ப சுவாரஸ்யமான வேலைதான், ஆனா முதல் கத்திக்கு வேண்டாம்.

ரெமிங்டன் புல்லட் கத்தி பக்கம் ஆரம்பத்துல தலை வெச்சே படுக்காதீங்க. பிடியில தோட்டா வடிவத்துல ஷீல்டு, அதாவது சின்ன உலோகச் சின்னம் பதிச்ச ஆர் 1123 டிராப்பர் 1922ல வந்தது, ரெமிங்டன் 1940ல கத்தி செய்யறதையே விட்டுட்டாங்க, விலை தாறுமாறு. 1982லருந்து அதே மாதிரி மறுபதிப்பும் வந்திருக்கு, அது கம்பெனியே நேர்மையா விட்டதுதான், ஆனா அதையும் அழுக்காக்கி பழசுன்னு விக்கற ஆளுங்க இருக்காங்க. பழைய வின்செஸ்டர் கத்தியிலயும் போலி ஏராளம்.

செல்லுலாய்டுங்கற பழைய கால பிளாஸ்டிக் பிடியும் அப்படித்தான், முத்துச்சிப்பி மாதிரி, மிட்டாய்க் கோடு மாதிரி அள்ளும் அழகு, கை தானா போகும். அது பழசாக ஆக உள்ளயே சிதைஞ்சு அமில வாயு விடும், முதல்ல அதோட பிளேடு, அப்புறம் அதே பெட்டியில பக்கத்துல படுத்திருக்கற நல்ல கத்தி எல்லாம் துருவேறிடும், போதாததுக்கு நெருப்பு பட்டா குப்புனு பிடிச்சுக்கும். வாங்கினாலும் தனியா, காத்து போற இடத்துல வைங்க, கேஸ் ஸ்டாக்மேனோட சேத்து வைக்கவே வைக்காதீங்க.

மார்க் போடணும்னா, பிளேடு பத்துக்கு எட்டு, ஸ்பிரிங் ஒன்பது, பிடி எட்டு, திறக்கற சுகம் ஆறு. வெறும் வெட்டற கத்தி மட்டும் போதும்னா புதுசே வாங்கிக்கோங்க, வாரன்டியும் கிடைக்கும், ஆட்டமும் இருக்காது. சேர்க்கணும்ங்கற எண்ணம் இருந்தா 70கள்ல வந்த புள்ளி வெச்ச 6318 தேடுங்க, புள்ளி எத்தனைன்னு ரொம்பப் பாக்க வேண்டாம், பத்து புள்ளி 1970க்கு மட்டும் கொஞ்சம் கூட கேப்பாங்க, மத்த வருஷமெல்லாம் பிளேடு எவ்வளவு முழுசுங்கறதுதான் விலை. ஆன்லைன்ல வாங்கறதா இருந்தா எல்லா பிளேடும் திறந்து பக்கவாட்டுல ஒரு படம், மூடிட்டு மேல இருந்து ஒரு படம், டாங் ரெண்டு பக்கமும் கிட்டக்க ஒரு படம் அனுப்பச் சொல்லுங்க, மூடின படத்தை மட்டும் அனுப்ப மாட்டேன்னு இழுத்தடிக்கறவங்ககிட்ட வாங்காதீங்க. ஊருக்கு எடுத்துட்டு வர்றவங்க மறக்காம செக்-இன் பெட்டியில போடுங்க, கைப்பையில இருந்தா ஏர்போர்ட்டுல அப்படியே பிடுங்கிப்பாங்க, ஆறு புள்ளியா ஏழு புள்ளியான்னு எல்லாம் அங்க யாரும் பாக்க மாட்டாங்க.